அரசனில்லா நகரின் மாளிகை

ஒல்லாந்தர் என்ற பெயரைக் கேட்டவுடன் ஈழத்தவர் மனக்கண்முன் எழுவன கோட்டைகளும் கால்வாய்களும் தோம்பேடுகளுமேயாம். யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையும், காலியின் கொத்தளங்களும், 1707ஆம் ஆண்டிலே தொகுக்கப்பெற்ற தேசவழமையும், இலங்கை நீதிமன்றங்களில் இன்றும் எடுத்தாளப்படும் உரோமன் டச்சுச் சட்டமும் அவர்கள் ஆட்சியை நினைவூட்டி நிற்கின்றன. ஆயின், இங்கே கறுவாப் பொதிகளைக் கப்பலேற்றிய அதே மக்கள், அதே காலத்திலே, தம் சொந்த மண்ணில் எவற்றைக் கட்டினார்கள், எத்தகைய எண்ணங்களைக் கல்லிலே செதுக்கி வைத்தார்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் ஒரு மனிதர் அமைத்த கட்டடங்களைப் பார்த்தாற் போதும். அவர் பெயர் யாக்கோப் வான் காம்பென்.

வான் காம்பென் 1596ஆம் ஆண்டு ஹார்லெம் நகரிலே செல்வக் குடியொன்றிற் பிறந்தார். தொழிலாற் கொத்தனாரோ தச்சரோ அல்லர், ஓவியர். 1614ஆம் ஆண்டிலேயே ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டார். அம்மர்ஸ்போர்ட் நகரின் அருகே அவருடைய குடும்பத்துக்கு இரண்டென்புரூக் என்னும் பண்ணை நிலம் இருந்தது. அதன் உரிமை பின்னர் அவரைச் சேர்ந்தது. வயிற்றுப்பாட்டுக்காக எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டிய நிலை அவருக்கு ஒருநாளும் ஏற்படவில்லை. கட்டடத்தின் உருவத்தைக் கருத்தில் அமைத்து வரைந்து கொடுப்பார். சுண்ணாம்பும் செங்கல்லும் கணக்குப் பார்ப்பதைப் பிறரிடம் விட்டுவிடுவார். இந்தப் பெருமிதம் அவருக்கு ஆக்கத்தையும் தந்தது. பின்னர் அல்லலையும் தந்தது.

அவர் தலையெடுத்த காலத்திலே அம்ஸ்டர்டாம் நகரத்து வீடுகள் ஒடுங்கி உயர்ந்தவை. உச்சியிலே படிப்படியாகக் குறுகிச்செல்லும் முக்கோணச் சுவரும், செங்கல்லுக்கிடையே வெண்கற் கோடுகளும், கண்ட இடமெல்லாம் கொடியும் சுருளுமான அலங்காரமும் உடையவை. பண்டை உரோமாபுரியின் வித்துருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலையும், இத்தாலியரான பல்லாதியோ, ஸ்கமோட்சி ஆகியோரின் நூல்களையும் கற்றுத் தெளிந்த வான் காம்பென், அழகு என்பது அலங்காரத்தில் இல்லை, அளவிலே உள்ளது என்று கொண்டார். நீளம் அகலம் உயரம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் அமைய வேண்டும். தூண்கள் தத்தமக்குரிய இலக்கணத்தை மீறாதிருத்தல் வேண்டும். யாப்பறிந்த புலவன் சீரையும் தளையையும் பேணுவதுபோல் அவர் அளவைப் பேணினார் எனலாம்.

1625ஆம் ஆண்டிலே கொய்மன்ஸ் என்னும் வணிக உடன்பிறந்தார் இருவருக்காகக் கைசர்ஸ்கிராக்ட் என்ற கால்வாயின் கரையிலே அவர் கட்டிய வீடு இக்கொள்கையின் முதற் சான்று. இரு வீடுகளை ஒரே முகப்பினுள் அடக்கி, மேலும் கீழும் தட்டையான அரைத்தூண் வரிசைகளை நிறுத்தி, படிக்கட்டுப்போன்ற உச்சிச் சுவரை அறவே நீக்கிவிட்டார். அயல் வீடுகளுக்கிடையே அது பேச்சு ஓய்ந்த சபையில் எழுந்து நின்ற ஒருவரைப்போலத் தோன்றியிருக்கும். அடுத்த அரை நூற்றாண்டில் ஒல்லாந்தின் செல்வர்கள் கட்டிய மாளிகைகள் பல இவ்வழியையே பின்பற்றின.

அவர் புகழை நிலைநிறுத்திய கட்டடம் ஹேக் நகரிலே அரசாங்க மாளிகைத் தொகுதிக்கருகில், குளக்கரையிலே நிற்கும் மொரிட்ஸ்ஹவுஸ் ஆகும். நாசோ வம்சத்து யொஹான் மொரிட்ஸ் என்னும் பிரபுவுக்காக 1630களின் நடுப்பகுதியில் அது எழத்தொடங்கி 1644இல் நிறைவெய்தியது. கவிஞரும் அரச செயலாளருமான கொன்ஸ்தாந்தைன் ஹைகன்ஸ் அயலிலேயே தமக்கொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கட்டடக்கலையிற் பெருவிருப்புடைய அவரும், பீட்டர் போஸ்ட் என்ற துணைக் கலைஞரும் இவ்வேலையில் வான் காம்பெனுக்கு உற்றுழி உதவினர். மஞ்சட் கல்லாலான உயர்ந்த அரைத்தூண்கள் இரு தளங்களையும் ஒரே வீச்சில் தழுவி எழ, இடையிடையே செங்கற் சுவர் தெரிய, தலைமீது அடக்கமான கூரை அமர்ந்திருக்கும் அம்மாளிகை அளவாற் பெரியதன்று. ஒரு பெட்டகத்தைப் போன்ற அதன் கச்சிதமே காண்போரைக் கவர்வது.

ஆனால், அக்காலத்து மக்கள் அதற்கு வைத்த பெயர் வேறு: சர்க்கரை வீடு. வீட்டின் சொந்தக்காரர் 1637 முதல் 1644 வரை பிரேசில் நாட்டிலே ஒல்லாந்தர் கைப்பற்றிய பகுதிக்கு ஆளுநராயிருந்தார். அங்கே கரும்புத் தோட்டங்களே செல்வத்தின் ஊற்று. அத்தோட்டங்களுக்குக் கைகள் வேண்டும். ஆளுநராகப் பதவியேற்ற அவ்வாண்டிலேயே அவர் ஆபிரிக்காவின் பொற்கரைக்குக் கப்பற்படை அனுப்பிப் போர்த்துக்கேயரின் எல்மினாக் கோட்டையைக் கைப்பற்றச் செய்தார். அடிமைகளைப் பெறும் வாயில் அதனால் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆபிரிக்க மக்களின் வியர்வையிலே விளைந்த கரும்புதான் ஹேக் நகரத்துக் குளக்கரையிலே தூணாகவும் படியாகவும் உருமாறியது. 1704ஆம் ஆண்டிலே தீ விபத்தொன்று மாளிகையின் உட்புறத்தை அழித்தது, சுவர்கள் தப்பின. 1822இலிருந்து அது ஓவியக் கூடமாக விளங்குகின்றது. முத்துக் காதணியணிந்த பெண்ணைத் தீட்டிய வெர்மீரின் ஓவியம் அங்கேதான் இருக்கின்றது. அவ்வோவியத்தை நாடிச் செல்வோர்க்குச் சர்க்கரையின் கதையையும் சொல்லவேண்டுமென்ற குரல் அண்மைக் காலத்தில் எழுந்து, 2019ஆம் ஆண்டில் அக்கூடமே யொஹான் மொரிட்ஸின் வரலாற்றை மீளாராயும் கண்காட்சியொன்றை நடத்தியது. காலம் தாழ்ந்தாலும் செய்யத்தக்க செயலே.

அம்ஸ்டர்டாமின் நாடக அரங்கு அவர் கையில் 1638ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 1772இல் எரிந்துபோக, அதன் வாயில் மட்டும் எஞ்சியது. தாம் பிறந்த ஹார்லெம் நகரில் 1645க்கும் 1649க்குமிடையே அவர் கட்டிய புதிய தேவாலயம் இன்றும் நிற்கின்றது. சதுரத்தினுள் சமநீளக் கைகளையுடைய சிலுவையொன்றைப் பொருத்தியதே அதன் அமைப்பு. சீர்திருத்தக் கிறித்தவர்க்குப் பூசைப் பீடத்தினும் பிரசங்க மேடையே முதன்மையானது. எங்கிருப்போர்க்கும் குருவானவரின் சொல் கேட்கவேண்டும். பின்னாளில் கொழும்பிலே எழுந்த வுல்வெண்டால் தேவாலயத்தின் சிலுவை வடிவத்தைக் கண்டவர்கள் இத்தகைய அமைப்பின் பயனை எளிதில் உணர்வர்.

இவையாவும் ஒரு புறமிருக்க, வான் காம்பெனின் பெயர் என்றும் நிலைப்பதற்குக் காரணமான கட்டடம் ஒன்றே. அதுதான் அம்ஸ்டர்டாம் நகர மண்டபம்.

அதன் பெருமையை அறிவதற்கு அந்நகரத்தின் நிலையை முதலில் அறியவேண்டும். ஸ்பானிய மன்னனின் ஆட்சியை எதிர்த்து ஒல்லாந்து மாகாணங்கள் எண்பது ஆண்டுகள் போராடின. 1648ஆம் ஆண்டு மூன்ஸ்டர் நகரிலே கைச்சாத்தான உடன்படிக்கையால் அவற்றின் சுதந்திரம் உலகறிய ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏழு மாகாணங்கள் சேர்ந்த அக்குடியரசுக்கு மன்னன் இல்லை. ஒறேஞ்சு வம்சத்துத் தலைவர் ஒருவர் படைத்தலைமை பூண்டிருந்தார், அவ்வளவே. குடியரசினுள்ளே அம்ஸ்டர்டாம் தனியரசு போன்றது. நான்கு நகரபிதாக்கள் அதனை நடத்தினர். 1602இல் நிறுவப்பெற்ற கிழக்கிந்தியக் கம்பனியின் பதினேழு இயக்குநர்களில் எண்மர் அந்நகரத்தவர். 1609இல் தொடங்கிய அதன் வங்கி ஐரோப்பிய வணிகத்துக்கே நாணயச் சாலையாய் விளங்கிற்று. இத்தகைய நகரின் ஆட்சி மன்றமோ பழுதடைந்து சரியும் நிலையிலிருந்த பழங்கட்டடம் ஒன்றிலே கூடிவந்தது.

சமாதானம் ஏற்பட்ட அதே 1648ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள் புதிய மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர்கள் பிரபுக்கள் அல்லர். நகரபிதாக்களின் குடும்பத்துச் சிறுவர் நால்வர். அடிக்கல்லுக்கும் அடியிலே இன்னொரு வேலை அதற்கு முன்னரே நடந்தது. அம்ஸ்டர்டாமின் நிலம் சேறும் சதுப்புமானது. பல முழம் கீழேயுள்ள உறுதியான மணற்படுகையைத் தொடும்வரை மரக் கம்பங்களை இறுக்கினாலன்றி அங்கே கல்லின்மேற் கல் நில்லாது. இம்மண்டபத்துக்காக இறக்கப்பட்ட கம்பங்கள் 13,659. ஆண்டின் நாட்களான 365க்கு முன்னே ஒன்றையும் பின்னே ஒன்பதையும் சேர்த்தால் அவ்வெண் வரும் என்று ஒல்லாந்தின் பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்வர். ஆண்டுகளையும் எண்களையும் பிள்ளைகளின் தலையிலேற்றப் படாதபாடுபடும் ஆசிரியர்கள் இவ்வுபாயத்தைக் கண்டு பொறாமை கொள்ளலாம். நிலத்தடி நீரில் எப்போதும் அமிழ்ந்திருக்கும் மரத்துக்குக் காற்றுப் படுவதில்லை. காற்றுப் படாத மரம் எளிதில் உழுத்துப்போவதுமில்லை. மூன்றரை நூற்றாண்டு கடந்தும் அக்காடு கண்காணாத இடத்தில் அம்மலையைச் சுமந்து நிற்கின்றது.

வேலை தடையின்றி நடந்ததாக எண்ணிவிடலாகாது. 1650ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஒறேஞ்சு இளவரசர் இரண்டாம் வில்லியம், தமக்கு அடங்க மறுத்த அம்ஸ்டர்டாம்மீது படையை ஏவினார். படையினர் இருளில் வழிதவறினர். அவர்களைக் கடந்துவந்த அஞ்சற்காரன் ஒருவன் சொன்ன செய்தியால் நகர வாயில்கள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் இளவரசர் அம்மை நோயால் இறந்தார். பெரும்பாலான மாகாணங்கள் அவர் இடத்துக்கு எவரையும் நியமியாமலே விட்டுவிட்டன. 1652 ஜூலையில் பழைய மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. ஓவியர் றெம்பிராண்ட் இரண்டு நாட்களின் பின் அவ்விடிபாடுகளின் முன்னே நின்று அவற்றைத் தாளிலே வரைந்துகொண்டார். அதே ஆண்டிலே இங்கிலாந்துடன் கடற்போர் மூண்டது. கப்பல்கள் முடங்கின, காசு இறுகியது. புதிய மண்டபத்தின் மேற்றளத்தையே விட்டுவிடலாமென்ற யோசனையும் எழுந்தது. போர் ஓய்ந்தபின் முதல் எண்ணமே வென்றது. செலவான தொகை ஏறத்தாழ 85 இலட்சம் கில்டர் என்பர்.

ஜெர்மானியப் பகுதியான பெந்தைமிலிருந்து கொணர்ந்த வெளிறிய மணற்கல்லாலே ஏறத்தாழ 80 மீற்றர் அகலத்துக்கு எழுந்த அம்முகப்பைக் காண்பவர் முதலில் வியப்பது அதற்குச் சிறப்பான வாயில் இல்லாமையையே. பெருந்தெய்வத்தின் கோயிலுக்குக் கோபுரமில்லாதது போன்ற குறை அது. ஒரே அளவான ஏழு சிறு வளைவுகளே நிலமட்டத்தில் உள்ளன. ஏழு மாகாணங்களை அவை குறிப்பன என்பது மரபு. கலகக் கூட்டம் ஒருமிக்க உள்ளே பாய்ந்துவிடாதிருக்கும் பாதுகாப்பும் அதனாற் கிடைத்தது. உச்சியிலே ஆலிவ் கொம்பேந்திய சமாதான மங்கை நிற்கின்றாள். முன்முக்கோணத்தில் கடற் தெய்வங்கள் அம்ஸ்டர்டாம் நங்கையை வணங்குகின்றன; பின்முக்கோணத்தில் உலகின் நான்கு கண்டங்கள் தத்தம் விளைபொருள்களை அவள் காலடியிற் கொணர்ந்து குவிக்கின்றன. அதன்மேலே அட்லஸ் என்னும் பூதம் வானுருண்டையைத் தோளிற் சுமக்கின்றான். சிற்பங்களைச் செதுக்கியவர் அன்ற்வேர்ப் நகரத்து ஆர்ட்டஸ் குவெல்லினஸ். கண்டங்கள் மனமுவந்து கொணர்ந்தனவா, பறித்துக்கொள்ளப்பட்டனவா என்பதைச் சிற்பம் சொல்லாது.

கீழ்த்தளத்திலே, சதுக்கத்தை நோக்கியபடி அமைந்திருப்பது கொலைத்தண்டத் தீர்ப்பு வாசிக்கப்படும் மன்று. வான் காம்பெனின் கலையும் அவர் காலத்தின் மனச்சாட்சியும் ஒருங்கே வெளிப்படுவது இங்கேதான். தீர்ப்பு மறைவில் நிகழலாகாது. வெளியே நிற்கும் மக்கள் வெண்கலக் கம்பியிட்ட சாளரங்களூடே அதனைக் காணுமாறு மன்று அமைக்கப்பட்டது. சுவரிலே மண்டையோடுகளின் உருவங்கள். நாணித் தலைகவிழ்ந்து அழும் பெண்களின் வடிவங்கள் தூண்களாய் நிற்கின்றன. அவற்றிடையே மூன்று சலவைக்கற் காட்சிகள் உள்ளன. ஒன்று சாலமோன் அரசனின் தீர்ப்பு. மற்றொன்று பண்டைக் கிரேக்கச் சட்டமியற்றுநனான சலுக்கஸின் கதை. அவன் இயற்றிய சட்டத்தின்படி பிறன்மனை நயந்தவனுக்கு இரு கண்களும் பறிக்கப்படவேண்டும். குற்றவாளியாய் நின்றவனோ அவன் மைந்தனே. சட்டமும் பிழையாது, மைந்தனும் முற்றக் குருடாகாதிருக்க, தன் கண்ணொன்றையும் அவன் கண்ணொன்றையும் பறிக்கச் செய்தான் தந்தை. கன்றைக் கொன்ற மைந்தனைத் தேர்க்காலில் இட்ட எல்லாளன் கதையை மகாவம்சத்திலும், மனுநீதி கண்ட சோழன் கதையைத் தமிழ் நூல்களிலும் கேட்டு வளர்ந்தவர்க்கு அக்கல்லின் மொழி அந்நியமாயிராது. மூன்றாவது காட்சி உரோமாபுரியின் புரூட்டஸ். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அரசனை மீட்டுக் கொணரச் சதிசெய்த தன் புதல்வர்க்கே அவன் மரணதண்டனை விதித்தான். அரசனில்லா நகரத்தின் நீதிமன்றிலே அரசனை வரவழைப்பவனுக்கு இதுவே கதி என்று செதுக்கி வைத்தார்கள். இதனைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

மேலே ஏறினால் குடிமக்கள் கூடம். நீளம் 120 அடி, அகலம் 60 அடி, உயரம் 90 அடி என்பது அந்நகரத்து அடிக்கணக்கில் அதன் அளவு. நான்குக்கு இரண்டுக்கு மூன்று என்ற எளிய விகிதம். அலுவலுக்கு வரும் எவரும் அதிற் சென்று உலவலாம். தரையிலே பதிக்கப்பட்டிருப்பவை உலகின் இரு பாதிகளும், நடுவே வடதிசை விண்மீன்களும். அம்ஸ்டர்டாமின் சாதாரண வணிகன் ஒருவன், ஆபிரிக்காவிலிருந்து நாலு எட்டு வைத்து ஆசியாவுக்கு நடந்துவிடலாம். பல தலைமுறைகளின் மிதியடிகள் பட்டுத் தேய்ந்த அப்படங்கள் பிற்காலத்திற் புதிதாகப் பதிக்கப்பெற்றன.

கூடத்தைச் சூழ்ந்துள்ள அலுவலறைகளின் வாயில்களிலே குவெல்லினஸின் உளி நகைச்சுவையும் செய்திருக்கின்றது. செயலாளர் அறை வாயிலில், இறந்த எசமானின் உடலைக் காத்திருக்கும் நாய். கடனிறுக்க இயலாது முறிந்தோரின் வழக்குகளை விசாரிக்கும் அறை வாயிலில், இறகு உருகி விழும் இக்காரஸ். அவனைச் சூழ்ந்த தோரணத்திலே வெறும் பணப்பெட்டிகளும் கொடாத கடன்சீட்டுகளும், அவற்றைக் கொறிக்கும் எலிகளும். 1656ஆம் ஆண்டிலே அவ்வலுவலகத்தின் கைக்குள் அகப்பட்டவர்களில் ஒருவர் றெம்பிராண்ட். அவர் வீட்டிலிருந்த பொருள்கள் 363 இலக்கங்களாகப் பட்டியலிடப்பட்டன.

அதே நகரம் சில ஆண்டுகளின்பின் அவரிடமே ஓவியமும் கேட்டது. உரோமரை எதிர்த்துப் பண்டை பதாவியர் செய்த கிளர்ச்சியின் காட்சிகளை நடைக்கூடங்களில் தீட்டுமாறு முதலிற் பணிக்கப்பட்ட கோவர்ட் பிளிங்க் என்பவர் 1660இல் இறந்துபட்டார். கிளர்ச்சித் தலைவன் கிளோடியஸ் சிவிலிஸ் இரவு விருந்திலே தோழரிடம் வாளின்மேற் சத்தியம் வாங்கும் காட்சி றெம்பிராண்டிடம் வந்தது. ஒற்றைக் கண்ணனான அத்தலைவனைப் பக்கவாட்டிற் காட்டிக் குறையை மறைப்பதே நாகரிகம் என்பர் பிறர். றெம்பிராண்டோ குருட்டுக் கண்ணை நேரே காட்டினார். 1662இலே சுவரில் மாட்டப்பட்ட ஓவியம் சிறிது காலத்துக்குள் இறக்கப்பட்டது. ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் அகலமும் கொண்டிருந்த அத்திரை வெட்டிக் குறைக்கப்பட்டு, நடுத்துண்டு மட்டும் இப்போது சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகர நூதனசாலையில் இருக்கின்றது. அளவையும் ஒழுங்கையும் போற்றிய அம்மண்டபத்திலே, இருளிலிருந்து வெளிப்படும் அம்முரட்டு முகங்களுக்கு இடமிருக்கவில்லை. இழப்பு மண்டபத்துடையதே.

வான் காம்பெனின் நிலையும் அதனின் வேறன்று. நகர ஆட்சியாளருக்கும் அவருக்குமிடையே பிணக்கு முற்றி, 1654ஆம் ஆண்டின் இறுதியிலே அவர் வேலையைத் துறந்து வெளியேறினார். தாம் எண்ணியதை எண்ணியவாறே கட்டவேண்டும் என்பவர் அவர். செலவுக்குக் கையெழுத்திடுபவர்கள் அவர்கள். டானியல் ஸ்டால்பார்ட் என்னும் நகரக் கலைஞர் வேலையை ஏற்று நடத்தினார். 1655 ஜூலை 29ஆம் நாள், கூரை முழுதும் வேயப்படாதிருந்தபோதே, நகரபிதாக்கள் விழாவெடுத்துக் குடிபுகுந்தனர். வொண்டல் என்னும் பெருங்கவிஞர் ஆயிரம் அடிகளுக்கு மேற்பட்ட கவிதை பாடினார். ஹைகன்ஸ் அதனை உலகின் எட்டாவது அதிசயமென ஏற்றிப் பாடினார். 1657 செப்டெம்பரில், தம் பெருங்கட்டடம் நிறைவெய்து முன்னரே, வான் காம்பென் இரண்டென்புரூக்கில் உயிர்நீத்தார்.

அவர் வெளியேறிய அதே 1654ஆம் ஆண்டிலே அந்நகரை விட்டுப் புறப்பட்ட இன்னொருவர் உண்டு. அம்ஸ்டர்டாம் நகரச் செயலாளராயிருந்த ஜெராட் ஹல்ப்ட், கிழக்கிந்தியக் கம்பனியின் உயர்பதவி பெற்றுக் கீழைக் கடலுக்குக் கப்பலேறினார். நாய் காக்கும் அவ்வாயிலின் வழியாக நடந்து அலுவல் பார்க்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. மண்டபத் திறப்புவிழா நடந்த ஆண்டிலே அவர் கொழும்பை முற்றுகையிட்டார். 1656 ஏப்ரல் 10ஆம் நாள் போர்த்துக்கேயரின் குண்டுபட்டு மாண்டார். அடுத்த மாதம் கொழும்பு வீழ்ந்தது. 1658 ஜூனில் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. அவர் பாசறை இருந்த மேடு அவர் பெயராலேயே ஹல்ஸ்டோர்ப் எனப்பட்டது. புதுக்கடை என்று தமிழ் மக்கள் வழங்கும் அவ்விடத்திலே இன்று நாட்டின் நீதிமன்றங்கள் நிற்கின்றன. வழக்குக்காக அங்கே அலைபவர்களில், அது அம்ஸ்டர்டாம் நகரச் செயலாளர் ஒருவரின் பெயர் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

நூற்றைம்பது ஆண்டுகள் அம்மண்டபம் குடிமக்களின் ஆட்சிமனையாய் விளங்கியது. பின்னர் நெப்போலியன் ஐரோப்பாவைத் தன் உடன்பிறந்தார்க்குப் பங்கிட்டபோது ஒல்லாந்து அவன் தம்பி லூயியின் பங்காயிற்று. 1808ஆம் ஆண்டு அவ்வரசன் அம்மண்டபத்தைத் தன் அரண்மனையாக்கிக்கொண்டான். நகர சபை வேறிடம் பெயர்ந்தது. புதிய முகமாடம் ஒன்று முகப்பிலே பொருத்தப்பட்டது. எதிரே சதுக்கத்தில் நின்ற வணிகரின் பழைய நிறுவைச் சாலை, அரசனின் பார்வைக்கு இடையூறாயிருந்தமையால் இடித்துத் தள்ளப்பட்டது. கீழ்த்தள மன்றிலே புரூட்டஸ் தன் புதல்வர்க்குத் தண்டனை விதித்தபடி நின்றான். அவன் தலைக்கு மேலே அரசன் படுக்கை விரித்தான். இரண்டாண்டில் லூயி முடிதுறந்து போனான். ஆனால், 1813இல் பிரெஞ்சுக்காரர் அகன்றபின் வந்தவரும் மன்னரே: ஒறேஞ்சு வம்சத்தவர். 1650இலே இருளில் வழிதவறிய படையால் இயலாதது நூற்றறுபது ஆண்டுகளின்பின் ஓசையின்றி நிறைவேறியது. 1936இல் நகரம் கட்டடத்தை அரசாங்கத்துக்கு விற்றுவிட்டது. 2013 ஏப்ரல் 30ஆம் நாள் பியாட்ரிக்ஸ் அரசியார் தம் மகனுக்காக முடிதுறந்து கையெழுத்திட்டது, முன்னாளில் நகர சபை கூடிய அறையிலே.

அரசகுடும்பம் பயன்படுத்தாத நாட்களிலே பொதுமக்கள் அதனுட் சென்று காணலாம். கரிபடிந்து கறுத்திருந்த கற்சுவர்கள் இந்நூற்றாண்டிலே துலக்கப்பெற்று மீண்டும் வெளிறித் தோன்றுகின்றன.

அக்கட்டடம் கண்ட விழாக்களிலே இன்னும் ஒன்று உண்டு. 1949 டிசெம்பர் 27ஆம் நாள், ஜூலியானா அரசியார் குடிமக்கள் கூடத்திலே அமர்ந்து, கிழக்கிந்தியத் தீவுகளின் இறைமையை இந்தோனேசியருக்குக் கையளிக்கும் பத்திரத்திற் கைச்சாத்திட்டார். இந்தோனேசியாவின் சார்பிலே அதனைப் பெற்றுக்கொண்டவர் முகம்மது ஹத்தா. உலகின் இரு பாதிகளும் தரையிலே பதிக்கப்பட்ட கூடம் அது. கண்டங்கள் நான்கும் பரிசில்களோடு வரிசையாய் நிற்கும் பின்முக்கோணம் அதற்குச் சற்றுத் தொலைவிலேதான் உள்ளது.